பத்தடி தள்ளி

"என்னாச்சு? சரியாச்சா?"

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் உள்ளே வந்தார். காலையிலிருந்து இது பதினோராவது முறை. மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சர்வீஸ்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பார்த்துக்கிட்டுதான் சார் இருக்கேன்."

"பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி? இது மூணாவது கம்ப்ளைன்ட். இன்னிக்குச் சரியாகலைன்னா மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுங்க."

அந்தப் பழச்சாறு கம்பெனியின் பரிசோதனை அறை தன் வீட்டு வரவேற்பறை என்பதுபோல் அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். அங்கே வேலை பார்க்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். பிறகு ஒருவழியாகப் போனார்.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார் சர்வீஸ்காரர்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சார். நான் எண்ணிக்கிட்டு இருக்கறப்போ பின்னாடி வந்து 'என்னாச்சு'ம்பார். போன மாசம் தூக்கிவாரிப் போட்டு ரெண்டு சாம்பிள் நம்பரை மாத்திப் போட்டுட்டேன். மெமோ குடுத்துட்டார். இன்னொண்ணு வந்தா வேலை போயிடும்."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அலறியது. அவருடைய சொந்த மேனேஜர்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார்."

"கால் மணி முன்னாடி கேட்டப்பவும் இதையேதான் சொன்னே! உன் போன்ல சார்ஜ் இருக்கா? சார்ஜ்ல போட்டு வைய்யா. நான் கூப்பிட்டா எடுக்கணும்."

சர்வீஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சார்ஜரைச் சொருகினார்.

மெஷின் என்னவோ எளிமையானதுதான். மெல்லிய குழாயில் ஒரு திரவம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு சொட்டுப் பழச்சாற்றை விட்டால், அது போய் மின்முனையைத் தொட்டதும் திரையில் ஒரு மேடு எழும். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு வைட்டமின் சி. ஆனால் பத்து நாளாக, ஒரு சொட்டும் விடாதபோதே திடீர் திடீரென்று மலை மலையாக எழும்பிக்கொண்டிருந்தது.

குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பம்ப் ஒழுங்காக ஓடியது. மின்முனையைக் கழற்றித் தேய்த்துப் பளபளப்பாக்கினார். வெளி மின்சாரம் அதைத் தீண்டாமலிருக்க மூடியிருந்த தகரப் பெட்டியின் எர்த் ஒயரை இழுத்துப் பார்த்தார். இரும்புப் பிடியாக இருந்தது. ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். முள் நகர்ந்தது. அதுவும் சரி.

மேஜைமேல் சின்னதாக ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது. நிறமில்லாதது.

"இது லேபா, பியூட்டி பார்லரா?" என்றார் எரிச்சலில்.

"மின்முனை ஓரத்துல பூசறது சார். பூசின இடத்துல கரன்ட் போகாது. நுனி மட்டும் வேலை செய்யும்."

"தெரியும், தெரியும். சும்மா கேட்டேன்."

மெஷினை ஓட விட்டார். திரையில் கோடு ஆடாமல் அசையாமல் நேராக ஓடியது. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். அப்பாடா என்று அவர் மூச்சு விட்டார்.

"என்னாச்சு?"

கதவு திறந்தது. கோடு எகிறியது!

சர்வீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், கொஞ்சம் வெளியே போங்க."

போனார். கோடு படுத்துக்கொண்டது.

"இப்ப வாங்க."

வந்தார். எகிறியது. நாலைந்து முறை போகச் சொல்லி, வரச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"என்னை வெச்சு விளையாடறீங்களா?"

"கோளாறே நீங்கதான் சார். நைலான் கோட்டு, அடியில ரப்பர் செருப்பு. நடக்க நடக்க உங்க உடம்புல மின்சாரம் சேருது. மெஷின் உங்களைத்தான் அளந்துக்கிட்டிருக்கு."

"இவங்களும் கோட்டுப் போட்டிருக்காங்களே?"

"அது பருத்தி சார். நீங்க கோட்டைக் கழட்டிட்டு வந்தா..."

"அதெப்படி? ஆபீசர்ங்க யாரும் கோட்டைக் கழட்டக்கூடாதுன்னு சர்க்குலர் போட்டதே நான்தானே!"

சர்வீஸ்காரர் ரிப்போர்ட் எழுதினார். 'மேனேஜர் மெஷினுக்குப் பத்தடிக்குள் வரக்கூடாது.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "ரூமே ஒன்பது அடிதானேய்யா!"

"அப்ப வராந்தாவுல நின்னுக்குங்க சார்."

மனிதர் முகம் தொங்கிப் போய்விட்டது. கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்தப் பெண் சாம்பிள்களை வரிசையாக அடுக்கி வேலையை ஆரம்பித்தாள். அவள் மெதுவாகப் பாடக்கூடச் செய்தாள்.

சர்வீஸ்காரர் பெட்டியை மூடப்போனார். கிளம்பும் முன் எல்லா நட்டையும் ஒருமுறை திருகிப் பார்ப்பது அவர் வழக்கம். எர்த் ஒயரின் நட்டைத் திருகும்போது ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, தகரத்தைச் சுரண்டியது. வெங்காயத் தோல்போல மெல்லியதாக ஏதோ உரிந்து வந்தது.

மீட்டரை ஒயரில் ஒரு முனையும் தகரத்தில் ஒரு முனையுமாக வைத்தார். முள் அசையவில்லை. ஒயர் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர, தொடவேயில்லை. உரிந்து வந்ததைக் கையிலெடுத்துப் பார்த்தார். நிறமில்லாமல் பளபளவென்று இருந்தது.

அவர் திரும்பினார். பாட்டு நின்றிருந்தது. அவள் குழாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

போன் அலறியது. "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"முடிஞ்சா ஏன் இன்னும் கிளம்பலை? எந்த இடத்துல நிக்கறேன்னு போட்டோ எடுத்து அனுப்பு. தெருமுனைக்குப் போனதும் இன்னொண்ணு அனுப்பு."

அவர் போனை வைத்தார். எர்த் நட்டை இருந்தபடியே இறுக்கிப் பெட்டியை மூடினார். "அந்த பாட்டிலைக் கொஞ்சம் குடுங்கம்மா" என்று வாங்கி, தன் போன் சார்ஜரை உருவி அதன் முனையில் பொறுமையாக இரண்டு பூச்சுப் பூசி, காய்வதற்காக ஊத ஆரம்பித்தார்.