லயத்துக் கதவுகள்

ஈஜோக் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகை வாசலில் தென்னோலை எரிகிறது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு இசையால் பயிற்சி கொடுக்க, சனிக்கிழமைதோறும் கோலசிலாங்கூரிலிருந்து பஸ்ஸில் வரும் மெகராஜ் மிஸ், தப்பு மேளத்தின் தோலை அந்த அனலில் காட்டிச் சூடேற்றுகிறார். மிஸ் கொண்டுவந்த மணிக்கும் மவுத்தார்கனுக்கும் அசையாத பூரணியின் வலக்கை விரல்கள், போன வாரம் லயத்து வரிசை வீடுகளைக் கடந்த ஒரு சாவு ஊர்வலத்தின் தப்புச் சத்தத்துக்கு மெல்ல விரிந்தன. அவள் பிறந்த பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதனால்தான் தாய் கங்கா கெஞ்சிக் கூத்தாடித் தப்பை வாங்கி வந்திருக்கிறாள்.

"நல்ல நாளும் அதுவுமா சாவு மேளமா? யாருக்குப் பாடை கட்டுறீங்க லா?" தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோரின் பெண்சாதி வேலம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தீயில் கொட்டுகிறாள். மிஸ்ஸின் முக்காட்டில் சாம்பல் தெறிக்கிறது.

"உசுரோட இருக்கிற புள்ளைக்குத்தான் அக்கா" என்கிறாள் கங்கா.

வேலம்மா காறித் துப்பிவிட்டு வீட்டுக்குள் போய், பிணம் போகும்போது சாத்துவதுபோலக் கதவை அறைந்து சாத்துகிறாள். அடுத்த வீட்டுக் கதவும் அறைபடுகிறது. கங்கா அரைச்சூடான தப்பை மகளின் மடியில் வைக்கிறாள். பூரணியின் தலை நிமிர்கிறது. மூன்றாவது கதவு அறைபடுகிறது. மூடிய விரல்கள் விரிந்து, உள்ளங்கை தோலில் விழுகிறது. நான்காவது கதவுக்கு இன்னோர் அடி.

கங்கா லயத்தை நிமிர்ந்து பார்க்கிறாள். இன்னும் ஆறு கதவுகள் திறந்திருக்கின்றன.

"சாத்துங்கக்கா," என்று கத்துகிறாள், "நல்லா அறைஞ்சு சாத்துங்க!"