இரண்டாம் படத்தில் ஒரு புள்ளி

இரண்டாவது படத்தைப் பதிவேற்றியதும் மறுபடியும் அந்தப் புள்ளி என் கண்ணை உறுத்தியது.

இதழின் இணையதளம் எங்கள் கட்டுரையை ஒரே கோப்பாகக் கோத்துக் கொடுத்திருந்தது. அதைத் திறந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தால்தான் 'சமர்ப்பி' என்ற பொத்தானுக்கு உயிர் வரும். சுருக்கம் சரி. வரி எண்கள் சரி. ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிய பழைய இதழின் பெயர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். ஒருமுறை அப்படித்தான் மானம் போனது.

எல்லாம் சரி, அந்த ஒற்றைப் புள்ளியைத் தவிர.

படத்தில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு புள்ளி. இடப்பக்கம் நோயாளிகள், அவர்களுடைய புள்ளிகள் மேலே. வலப்பக்கம் ஆரோக்கியமானவர்கள், அவர்களுடையவை கீழே. விரல்கள் தளர்வதற்கு வெகுகாலம் முன்பே ரத்தத்தில் ஒரு புரதம் ஏறிவிடுகிறது என்பதுதான் எங்கள் கண்டுபிடிப்பு. முதலில் விரல், அப்புறம் கை, கால், கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது. 'முன்கூட்டியே தெரிந்துகொண்டு நோயாளி என்ன செய்வார்?' என்று பழைய இதழின் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார். குசும்பு பிடித்த ஆள்.

இந்தக் கண்டுபிடிப்பு உண்மையாக இருக்க வேண்டுமே என்று நான்கு வருடமாக நான் வேண்டாத தெய்வமில்லை.

ஆரோக்கியமானவர்களின் புள்ளிகளில் ஒன்று மட்டும் நோயாளிகளின் உயரத்துக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. அழகான படத்துக்குத் திருஷ்டிப் பொட்டு என்று முதலில் நானே சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நோயாளிகள் கிடைத்துவிட்டார்கள். ஆரோக்கியமானவர்களைச் சேர்ப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிட்டது. ஒன்றும் இல்லாதவன் எதற்காக ஊசிக்குக் கையைக் கொடுப்பான்? கடைசியில் வாசல் காவலாளி, குடுவை கழுவும் அம்மா, கணக்குப் பிரிவில் இரண்டு பேர், ஆய்வகத்தில் நாங்கள் என்று ஆளாளுக்குக் கையை நீட்டி எண்ணிக்கையை ஒப்பேற்றினோம். எந்தக் குழாய் யாருடையது என்பது ரத்தத்தை அளந்த என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கணக்குப் போடுகிறவனுக்கு ஆள் தெரியக் கூடாது என்பது விதி. கணக்குப் போடுகிறவன் நான்.

ஒரு வாரமாக அவள்தான் இழுத்தடித்தாள். அந்தப் புள்ளிக்குரிய குழாயை மட்டும் திரும்பத் திரும்ப அளந்தாள். வீட்டில் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது. கட்டுரை இதழுக்குப் போய்விட்டது என்று இன்று மாலைக்குள் காட்டினால் வேலையை நீட்டித் தருவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. இயக்குநரைப் பார்க்க வேண்டுமே என்று முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டால், மணிக்கட்டுப் பொத்தான் மாட்டவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. தைத்தவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன். அவள்தான் வந்து மாட்டிவிட்டாள்.

இப்போது ஆய்வகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் புள்ளியைத் தூக்கிடறேன். அளவு தப்புன்னு ஒரு வரி எழுதிட்டா வேலை முடிஞ்சுது," என்றேன்.

"அளவு தப்பில்லங்க. எத்தனை தடவை பாத்தாலும் அதேதான் வருது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்போ ரத்தம் எடுத்ததுலதான் தப்பு. யாருன்னு உனக்குத்தான் தெரியுமே. அந்தப் புண்ணியவானைக் கூட்டிட்டு வந்து மறுபடி எடு. யாரோ ஒருத்தனுக்காக நான் வேலையை விடணுமா?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து, வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ரப்பர் பட்டை, ஊசி, காலிக் குழாய் எல்லாவற்றையும் எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊசியின் உறை பிரிக்கப்படவில்லை. ஆனால் அதன் ஓரமெல்லாம் கசங்கிப் போயிருந்தது. எத்தனை நாளாக அந்தப் பையிலேயே கிடந்ததோ.

"கையை நீட்டுங்க."

திரையில் 'சமர்ப்பி' பச்சையாக மாறியிருந்தது.

நீட்டினேன். சட்டைக் கையை மேலே ஏற்ற வேண்டும். பொத்தானைக் கழற்றப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பொத்தான் விரலில் நிற்கவில்லை.

அவள் என் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு, தானே கழற்றினாள்.