மூன்று வழிகளிலும் நின்றவள்

ஒன்பது மணிக்குள் வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்கு வராவிட்டால் வேலை இல்லை என்று ஜெயசீலனிடம் மேலாளர் சொல்லிவிட்டார். அடுகோடி வீட்டிலிருந்து அவன் திங்களன்று கோரமங்கலா வழியாகவும், செவ்வாயன்று தொம்லூர் வழியாகவும் காரை ஓட்டினான். இரண்டு வழியிலும் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி, கையில் சாப்பாட்டுக் கூடையோடு, சாலையைக் கடக்க நின்றாள். யாரும் நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

புதனன்று சர்ஜாபூர் சாலையிலும் அவளே நின்றாள்.

"நிறுத்துங்க, பாவம். ஒரு நிமிஷந்தானே?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி ப்ளாரன்ஸ்.

"ஒரு நிமிஷமா? மேப்பப் பாரு, எல்லா ரோடும் செவப்பு! உன் புண்ணியத்துக்கு என் வேலை போகணுமா?"

"அப்ப நான் எறங்குறேன்."

"எறங்கு! அவகூடவே போய் நில்லு, தாயே!"

சற்றுத் தள்ளி அவன் காரை ஓரங்கட்ட, அவள் இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எட்டி அவள் பக்கத்துக் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினான்.

நான்கு கிலோமீட்டர் தாண்டியதும், சாலையோரத்தில் பச்சைப் புடவைக்காரி நின்றாள். அவள் கையைப் பிடித்தபடி ப்ளாரன்ஸும் நின்றாள்.

அவன் பிரேக்கை மிதித்தான். பின்னால் ஹாரன்கள் அலறின. "ப்ளாரன்ஸ், ஏறு!" என்று கத்தினான்.

முன்பின் தெரியாத ஓட்டுநருக்குச் செய்வதுபோல, இருவரும் லேசாகத் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு, நிதானமாகச் சாலையைக் கடந்து போனார்கள்.