இரண்டாவது கையெழுத்து

விமானத்தின் வால் பக்கம் குனிந்த நாகூர் மீரான், சுக்கான் கம்பியைப் பூட்டி வைத்திருந்த இரும்புப் பின்னைக் குறட்டால் இழுத்து எடுத்தான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு அந்தக் குட்டி விமானத்துக்கு வழக்கமான பரிசோதனை நாள். விமான கிளப் மெக்கானிக் மீரான் விடிந்ததிலிருந்து அதோடுதான் கிடந்தான். அது சின்ன முதலாளி முகம்மது கனியின் விமானம் என்பதாலேயே அவனுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? போன வருஷம் சிம்பாங் அம்பாட்டில் பால்காரி தனலெட்சுமியைக் தன் மோட்டார் காடியை ஏற்றிக் கொன்றவன் இந்தக் கனி. ஜெயிலுக்குப் போனவனோ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த டிரைவர் அப்துல் காதர், மீரானின் ஒரே தம்பி.

"சாட்சிக் கையெழுத்துதான், போடு" என்று கனி நீட்டிய இங்கிலீஷ் தாளில் அந்த அப்பாவி கையெழுத்துப் போட்டான். ஓட்டியது நான்தான் என்று அதில் எழுதியிருந்தது அவனுக்குத் தெரியாது. ஐந்து வருஷம் உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்த டிரைவருக்கு ஓர் அண்ணன் இருப்பதை விசாரிக்கும் அளவுக்குக் கனி மெனக்கெட்டதில்லை.

"முடிஞ்சுச்சா மீரான்?" தோல் தொப்பியும் கண்ணாடியுமாக வந்து நின்றான் கனி.

"முடிஞ்சுச்சு சின்ன முதலாளி." இறக்கையின் மேல் திறந்து கிடந்த சின்னத் தகரப் பெட்டியை மூடிவிட்டு, பரிசோதனைப் புத்தகத்தை நீட்டினான் மீரான். "சுக்கான்ல கை வச்சா ரெண்டு பேரு கையெழுத்து வேணும். என்னோடதப் போட்டுட்டேன். நீங்க வாலைப் பாத்துட்டு, இதையும் படிச்சுட்டு, ரெண்டாவதப் போடணும்."

"நீ பாத்தா போதும்லா. எங்க போடணும்?"

கனி வால் பக்கம் திரும்பக்கூட இல்லை. கிறுக்கிவிட்டு, ஓட்டுகிறவர் உட்காரும் பின் இருக்கையில் ஏறினான்.

வேலை பார்த்த மெக்கானிக்கே முதல் சுற்றில் முன் இருக்கையில் உட்கார வேண்டும் என்பது கிளப் வழக்கம். ஒழுங்காகப் பார்க்காவிட்டால் அவனும் சேர்ந்து சாகட்டும் என்கிற நல்லெண்ணம்தான். மீரானும் ஏறிக்கொண்டான்.

விமானம் தெற்கே கடலுக்கு மேல் போனது. ஆயிரம் அடி ஏறியதும் மீரான் பேசும் குழாயை வாயருகே வைத்து, கையைப் பின்னால் நீட்டினான்.

"இந்தாங்க, உங்க சுக்கான்ல இருந்த பின்னு."

வாங்கிப் பார்த்த கனிக்கு முகம் வெளுத்தது. "டேய்! இது இல்லாட்டி சுக்கான் கழண்டுருமே!"

"பிளேனத் திருப்பிப் பாருங்களேன்."

கனி திருப்பவில்லை. சுக்கான் மிதியிலிருந்து கால்களை எடுத்துக்கொண்டான். நேரே போனால் சுமத்ரா வரைக்கும் கடல்தான். பெட்ரோலோ அவ்வளவு தூரம் வராது.

"உனக்குப் பைத்தியமா? நீயும்தானடா சாவே!"

"ஜெயில்ல இருக்கானே டிரைவர் காதர், அவன் என் தம்பி. உங்க காலடியில தாளும் பென்சிலும் வச்சிருக்கேன். அன்னைக்குக் காடி ஓட்டுனது யாருன்னு எழுதுங்க. அவசரமில்ல, பெட்ரோல் தீர்ற வரைக்கும் யோசிக்கலாம்."

யோசிக்கவெல்லாம் இல்லை. மீரான் முன் இருக்கையிலும் இருந்த ஓட்டும் ஸ்டிக்கை நேராகப் பிடித்துக்கொள்ள, கனி பொலபொலவென்று அழுதபடி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மீரான் இரண்டு தரம் படித்துப் பார்த்து மடித்துக்கொண்டான். பத்து மாதமாக நெஞ்சில் கிடந்த பாறை அப்போதுதான் அசைந்தது.

"இப்பத் திரும்பலாம். ஒண்ணும் ஆகாது."

ஆகவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு நின்றதுமே கனி குதித்து ஓடி, கிளப் செயலாளர் ஜெயராஜின் கையைப் பிடித்துக்கொண்டான். மீரானும் பின்னாலேயே வந்து, மடித்த தாளை ஜெயராஜிடம் கொடுத்தான்.

"அத நம்பாதீங்க! பின்னக் கழட்டி வச்சுக்கிட்டு, கொன்னுருவேன்னு மிரட்டி எழுதி வாங்கிட்டான்! போலீசக் கூப்பிடுங்க! இதோ, அந்தப் பின்னு!"

"கூப்பிடத்தான் வேணும்" என்றார் தாளைப் படித்து முடித்த ஜெயராஜ். பிறகு வால் பக்கம் போய்க் குனிந்தார். சுக்கான் கம்பியில் புத்தம் புதுப் பின் ஒன்று பளபளவென்று மின்னியது.

"பின்னு இங்க இருக்கே கனி? இல்லாத ஒண்ண வச்சு எப்படி மிரட்டுவான்?"

"கழட்டுன பின்ன நாங்க மறுபடி மாட்டுறதில்ல சார்" என்றான் மீரான். "பெட்டியிலேருந்து புதுசுதான் போடுவோம். சின்ன முதலாளியும் பாத்துருக்காரு. புத்தகத்துல இருக்கு."

ஜெயராஜ் புத்தகத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். "'பழைய பின் கழற்றப்பட்டது. புதுப் பின் மாட்டப்பட்டதை நேரில் பார்த்தேன். முகம்மது கனி.' உங்க கையெழுத்துதானே இது?"

கனியின் கையிலிருந்த பழைய பின் தரையில் விழுந்தது.

"நான்... நான் அதப் படிக்கவே இல்லயே!"

"என் தம்பியும் படிக்கல, சின்ன முதலாளி."