முதல் அடிக்கு எந்தக் கேமரா?

"யாரும் அசையாதீங்க! பாப்பா எந்திரிக்கப் போறா!"

கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் ஒட்டிவைத்துக்கொண்டு கத்தினார் பல்காரர். அசைவதற்கு அவரைத் தவிர அங்கே இருந்தது இரண்டே பேர்தான். ஒருத்தி மனைவி. இன்னொருத்தி, நாற்காலிக் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பதிமூன்று மாத மகள்.

பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஊருக்கெல்லாம் பல் கட்டித் தருகிறவர், சொந்த மகளின் முதல் பல்லைப் படமெடுக்காமல் கோட்டை விட்டார். அவள் குப்புற விழுந்ததையும் விட்டார், தவழ்ந்ததையும் விட்டார். எல்லாம் ஒரே கேள்வியால் வந்த வினை. முதல் கேமராவாக மிரர்லெஸ் வாங்குவதா, டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதா?

மிரர்லெஸ் கைக்கு லேசு, ஓடுகிற பிள்ளையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், ஆனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். டி.எஸ்.எல்.ஆர். ஒரு சார்ஜில் நாள் முழுக்கத் தாங்கும், பழைய லென்ஸும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கனம். அதுவும் போக, உள்ளே இருக்கும் கண்ணாடி 'டப்'பென்று அடிக்கிற சத்தத்தில் பிள்ளை மிரண்டுவிட்டால்?

இதை யோசித்தே ஒரு வருஷம் ஓடிவிட்டது. வேலை விட்டு வந்தால் கம்ப்யூட்டர் முன்னால், ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேமராக் கடையில். இவர் தலை தெரிந்தாலே அந்தக் கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவார்.

"போன்ல எடுத்தா என்ன?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். பல்லைச் சுத்தியலால் பிடுங்கினால் என்ன என்று கேட்டவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

நேற்றுக் காலை அவள் பொறுமை போய்விட்டது. "ஏங்க, இதையும் விட்டுட்டீங்கன்னா, நாளைக்கு அவ வளர்ந்து 'நான் முதல்முதலா நடந்தப்ப அப்பா எங்க இருந்தாரு'ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

அது சுருக்கென்று தைத்தது. மாலையே மிரர்லெஸ் வாங்கிவிட்டார். பில் போடும்போதுகூட டி.எஸ்.எல்.ஆர். பக்கம் ஒரு பார்வை போனது, அது வேறு விஷயம்.

"இரு இரு, ஷூ போட்டு விடு. படத்துல எடுப்பா இருக்கும்," என்றார் இப்போது படுத்தபடியே. மனைவி எடுத்து வந்த ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"வாங்கி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள முன்பக்கம் தேஞ்சு கிடக்கு பாரு. நடக்காத பிள்ளைக்கே இந்த லட்சணம். எதையும் நாலு இடத்துல விசாரிச்சு வாங்கணும்னு நான் சொல்றது இதுக்குத்தான்."

"ஆமாங்க," என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

மகள் எழுந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். பல்காரர் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. காலையிலிருந்து நாற்காலியையும் ஜன்னலையும் எடுத்து ஒத்திகை பார்த்ததில் பேட்டரி தீர்ந்திருந்தது.

"ஐயோ, அந்த டி.எஸ்.எல்.ஆரையே வாங்கியிருக்கணும்!" தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வருஷம் உக்காந்து படிச்சேன். சார்ஜ் போடணும்கிறதை மட்டும் படிக்கல. என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா?"

மனைவி பாய்ந்து வந்து பிள்ளையை மடியில் அள்ளிக்கொண்டாள். "பதறாதீங்க. போய்ச் சார்ஜ் போடுங்க. அதுவரைக்கும் நடக்க மாட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

மகள் கீழே இறங்கத் துள்ளினாள். அரை மணி நேரம் மனைவி பிடியை விடவில்லை.

அப்புறம் அது நடந்தது. ஓர் அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நான்காவதில் வந்து கேமராவையே பிடித்துக்கொண்டாள். நாற்பத்தேழு படம். அதில் நாற்பத்தாறில் ஜன்னல் தெளிவாக இருந்தது, ஒன்றில் மகள்.

அந்த ஒன்று போதும். பல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி அவ கேட்டா, அப்பா பக்கத்துலயேதான் இருந்தாருன்னு சொல்லு," என்றார். மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

சந்தோஷம் தாங்காமல் கேமராவோடு படியிறங்கி ஓடினார். கீழ் வீட்டுத் தையல்காரம்மா, பகல் முழுக்கத் தையல் மெஷினும் கையுமாக வீட்டிலேயே இருப்பவர், வந்து கதவைத் திறந்தார். "ஏங்க, நில்லுங்க! அக்கா, நான் சொல்றேன்..." என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவியும் மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

அதற்குள் பல்காரர் படத்தை நீட்டிவிட்டார். "பாருங்கக்கா! எம் பொண்ணு இன்னிக்குத்தான் முதல் அடி வெச்சா. கையும் களவுமா பிடிச்சுட்டேன்!"

தையல்காரம்மா படத்தைப் பார்த்தார். இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு வாரமா எங்க தலைக்கு மேல தடதடன்னு ஓடுறது யாரு?"