கடைசி அத்தியாயத்தில் ஒரு தப்பு

டி.எஸ்.பி. விஸ்வேஸ்வரன் எழுதும் கிரைம் நாவல் எதுவானாலும், அச்சுக்குப் போகுமுன் குமராட்சியிலிருந்து சின்னையனைச் சிதம்பரம் வீட்டுக்கு வரவழைத்துப் படித்துக் காட்டிவிடுவார். தப்பிருந்தால் சின்னையன் விடமாட்டார்.

“முதுநகர்ல நாம ரெண்டு பேரும் ஓடினோமே, அதான்யா இதுல கடைசி அத்தியாயம்.”

“என்னா மழை சார் அன்னைக்கு! தண்டவாளத்து ஓரமாவே ஜங்ஷன் வரைக்கும் ஓடினோம். இருபது வருஷம் ஆயிடுச்சு.”

“கேளு. ‘எஸ்.ஐ. பாய்ந்து திருடனை மடக்கினார்.’ சரியா?”

சின்னையன் தயங்கினார்.

“தப்பு சார். நீங்க மூச்சு வாங்கி, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டீங்க. பாவமா இருந்துச்சு. நான்தான் திரும்பி வந்து, விலங்கு மாட்டக் கையை நீட்டினேன்.”

விஸ்வேஸ்வரன் சிரித்துவிட்டார்.

“அதை எழுதினா யாருய்யா நம்புவாங்க?”