பன்னிரண்டாவது நாற்காலி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, பூதலூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி கதை ஒன்று சொல்கிறேன்.

அண்ணன் ஞானப்பிரகாசம் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஊரே அவரைப் புகழ்ந்தது. ஒரு நாள் விடாமல் கோயில் மணி அடித்தவராம். வாய்க்கால் உடைந்தபோது முதல் மண்மூட்டையைச் சுமந்தவராம்.

தம்பி சூசைராசுக்கு வயிறு எரிந்தது. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, கோயிலில் சாமியார் நாற்காலியில் உட்காரவைத்துப் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவர் ஆண்டு தவறாமல் அண்ணன்தான். தம்பியை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியலை எழுதும் கோயில் உபதேசியாரிடமே கேட்டுவிட்டார்.

"உபதேசியாரே, இந்த வருசமாவது அந்த நாற்காலி எனக்கு உண்டா? இல்ல, அதுலயும் அண்ணன் படத்தத்தான் வைப்பீங்களா?"

"வருசா வருசம் உங்க பேரைத்தான் எழுதுவேன். 'ஊரு முன்னால தம்பி கூசிப்போவான், நான் உக்காந்துக்கிறேன்'னு அண்ணன்தான் அடிச்சிடுவாரு."

"நான் எதுக்குய்யா கூசணும்?"

உபதேசியார் அவர் கால் பக்கம் பார்த்தார்.

சூசைராசு மெல்ல வேட்டியைத் தூக்கினார். வெளியே யாருக்கும் காட்டாத யானைக்கால். வீட்டுக்குள் அதைத் தினமும் கழுவித் துடைத்து மருந்து போட்டவர் அண்ணன்.

தூக்கிய வேட்டியை இறக்காமலே சூசைராசு சொன்னார்:

"அண்ணன் கழுவுன மாதிரி சாமியாருக்கு வராது. ஆனாலும் என் பேரை எழுதுங்க."

அப்படி ஒரு கை உங்கள் வீட்டிலும் என்றைக்கும் இருக்கட்டும், கண்ணுகளா.